பேஸ்பால் அணிக்கு ரசிகராவது எப்படி? முதல் சீசனில் பணமும் நேரமும் வீணாகாமலிருக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குக் குடிவந்து, அலுவலகத்தில் எல்லோரும் பேசுகிறார்களே, நாமும் ஒரு பேஸ்பால் அணியைப் பிடித்துக்கொள்வோம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆட்ட விதிகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவை நாலு ஆட்டம் பார்த்தால் தானாகப் பிடிபட்டுவிடும். யாரும் ஒரே இடத்தில் எழுதி வைக்காத விஷயங்கள் வேறு: எந்தச் சந்தாவைக் கட்டினால் நம் ஊர் அணியே திரையில் வராது, எந்தப் பையை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், மழை வந்தால் டிக்கெட் காசு என்ன ஆகும். இதையெல்லாம் ஆளாளுக்குக் கேட்டு, அலைந்து திரிந்துதான் நான் தெரிந்துகொண்டேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

1. அணியைத் தேர்ந்தெடுப்பது

மேஜர் லீக் பேஸ்பால் (சுருக்கமாக எம்எல்பி) என்ற முதல்தர லீக்கில் மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு லீக்கிலும் ஐந்தைந்து அணிகளாக மூன்று டிவிஷன்கள். சீசனில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடும், அதில் 81 சொந்த மைதானத்தில். அதாவது ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஐபிஎல் பழக்கத்தில் வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சியே இதுதான்.

வீட்டுக்குப் பக்கத்து அணியைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதையேதான் சொல்வேன். நேரில் போகலாம், கார் ரேடியோவில் வர்ணனை வரும், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும். அந்த அணி மோசமாக ஆடுகிறதே என்று தயங்க வேண்டாம். மோசமான அணியின் டிக்கெட் மலிவு.

தூரத்து அணிதான் பிடித்திருக்கிறது என்றால் நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் அணியைப் பிடித்தால், அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் உங்களுக்கு 10 மணிக்குத்தான் தொடங்கும். மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு ஆறு மாதம் இது தாங்காது.

2. சந்தா கட்டும் முன் பிளாக்அவுட்டைப் பாருங்கள்

பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எம்எல்பி.டிவி என்பது லீக்கின் சொந்த ஸ்ட்ரீமிங் சேவை. எல்லா அணிகளுக்குமான ஆண்டுச் சந்தா 2025 சீசன் தொடக்கத்தில் சுமார் 150 டாலர். விலையும், எந்த ஆப் வழியாக விற்கிறார்கள் என்பதும் சீசனுக்குச் சீசன் மாறும். பெயரைப் பார்த்தால் எல்லா ஆட்டமும் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. நீங்கள் இருக்கும் பகுதி எந்த அணியின் எல்லைக்குள் வருகிறதோ அந்த அணியின் ஆட்டங்கள் நேரலையில் உங்களுக்கு மறைக்கப்படும், ஏனென்றால் அவற்றைக் காட்டும் உரிமை உள்ளூர் ஒளிபரப்பாளரிடம் இருக்கிறது. இதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள். அந்த அணி வெளியூரில் ஆடினாலும் இதே கதைதான். பக்கத்து அணியின் ரசிகருக்கு இந்தச் சந்தாவால் பெரிய பயன் இல்லை, தூரத்து அணியின் ரசிகருக்கோ அருமையான பேரம். கொஞ்சம் கிறுக்குத்தனமான ஏற்பாடுதான், ஆனால் இப்படித்தான் நடக்கிறது.

அணியின் ஊரில் இல்லையே, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அயோவா மாநிலத்தில் ஒரு மேஜர் லீக் அணிகூடக் கிடையாது, ஆனாலும் அங்கே சிகாகோவின் இரண்டு அணிகள், செயின்ட் லூயிஸ், மில்வாக்கி, மின்னசோட்டா, கேன்சஸ் சிட்டி என ஆறு அணிகள் பிளாக்அவுட் ஆகும். லாஸ் வேகஸிலும் இதே போல வேறு ஆறு அணிகள். எனவே முதலில் எம்எல்பி தளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டு எந்தெந்த அணிகள் மறைக்கப்படும் என்று பாருங்கள். அதன் பிறகு கார்டை எடுங்கள்.

உள்ளூர் அணியைப் பார்க்க உள்ள வழிகள் இவை. ஒன்று, அந்த அணியின் ஆட்டங்களைக் காட்டும் வட்டாரச் சேனல். நியூ யார்க் யாங்கீஸுக்கு யெஸ், மெட்ஸுக்கு எஸ்என்ஒய், பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு நெஸ்ன், சிகாகோ கப்ஸுக்கு மார்கீ என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கும். கேபிள் இணைப்பிலோ, சில நேரம் சேனலின் சொந்த ஆப்பிலோ கிடைக்கும். மற்றொன்று, சில அணிகளின் ஆட்டங்களை லீக்கே தயாரித்து உள்ளூர்க்காரர்களுக்குத் தனிச் சந்தாவில் தருகிறது. உங்கள் அணியின் தளத்தில் 'எப்படிப் பார்ப்பது' என்ற பக்கம் ஒன்று இருக்கும், அதில் அந்த ஆண்டு நிலவரம் தெளிவாக இருக்கும். நண்பர் போன வருடம் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், இந்தத் துறையில் எல்லாம் வருடா வருடம் மாறுகிறது.

இன்னும் சில பொறிகள்:

- தேசிய ஒளிபரப்புக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்ட ஆட்டங்கள் எந்த உள்ளூர்ச் சந்தாவிலும் வராது. வெள்ளிக்கிழமை இரவு திடீரென்று ஆட்டத்தைக் காணவில்லை என்றால் அது ஆப்பிள் டிவியில் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.
- சந்தா அடுத்த சீசனுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும். வாங்கிய அன்றே அந்த ஆட்டோ ரின்யூவலை அணைத்து வைத்துவிடுங்கள்.
- டி-மொபைல் இணைப்பு வைத்திருப்பவர்களுக்குச் சீசன் தொடக்கத்தில் எம்எல்பி.டிவி இலவசமாகக் கிடைத்து வருகிறது. ஆனால் சில நாட்கள்தான் அந்தக் கதவு திறந்திருக்கும், அவர்களுடைய ஆப்பில் போய் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.
- அவசரமில்லை என்றால் சீசன் பாதியில் விலை குறையும் வரை காத்திருக்கலாம்.

நேரலை மறைக்கப்பட்டாலும், ஆட்டம் முடிந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து முழுப் பதிவு எம்எல்பி.டிவியில் வந்துவிடும். காலையில் எழுந்து, ஸ்கோரைப் பார்க்காமல், காபியோடு பார்ப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப் குழுவை மட்டும் அதுவரை திறக்கக் கூடாது.

3. ரேடியோவைப் பழகிக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் புதியவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான், டிவி சந்தா அப்புறம். 162 ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது. ஆனால் சமைக்கும்போதும் கார் ஓட்டும்போதும் கேட்கலாம். உள்ளூர் வானொலியில் காசே கிடையாது. எம்எல்பி ஆப்பின் ஆடியோ சந்தா ஆண்டுக்குச் சுமார் 30 டாலர், அதில் 30 அணிகளின் வர்ணனையும் வரும், பிளாக்அவுட் தொல்லையும் இல்லை. வர்ணனையாளர் ஒவ்வொரு பந்துக்கும் நிலவரத்தைச் சொல்வதால் விதிகளும் வீரர்களின் பெயர்களும் ஒரு மாதத்தில் காதிலேயே பதிந்துவிடும்.

கேட்கத் தொடங்கும்போது எண்கள் குழப்பும். 'சிக்ஸ்-ஃபோர்-த்ரீ டபுள் பிளே' (ஒரே முயற்சியில் இரண்டு பேரை அவுட்டாக்குவது) என்றால் ஸ்கோர் இல்லை. களத்தில் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் (பந்து வீசுபவர்) 1, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, லெஃப்ட் ஃபீல்டு 7, சென்டர் 8, ரைட் 9. பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. புள்ளிப்பட்டியலில் 'ஜிபி' என்று இருப்பது முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னால் என்பது: வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும்.

தோல்விக்கும் மனதைப் பழக்க வேண்டும். 2001இல் சியாட்டில் அணி 116 ஆட்டங்களில் வென்றது, ஒரு சீசனில் அதற்கு மேல் எந்த அணியும் வென்றதில்லை. அந்த அணியே 46 முறை தோற்றது. ஒரு தோல்விக்கு இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிற ஆளாக இருந்தால் இந்த விளையாட்டு உங்களை இளைக்க வைத்துவிடும்.

4. எந்த ஆட்டத்துக்குப் போவது, டிக்கெட்டை எப்படி வாங்குவது

விலை நிலையாக இருக்காது. எதிரணி, கிழமை, வானிலை, ஆட்டம் தொடங்கும் முன் தரும் இலவசப் பொம்மை என்று எல்லாவற்றையும் பொறுத்து ஏறி இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் திங்கள் முதல் வியாழன் வரையான ஆட்டங்கள் பொதுவாக மலிவு, பள்ளி நடக்கும், குளிரும் இருக்கும். பல அணிகளில் அப்போது 10, 20 டாலருக்குள் மேல்தட்டு இருக்கை கிடைக்கும். சனிக்கிழமை, தொடக்க ஆட்டம், பரம எதிரி அணி வரும் நாள் இவற்றுக்கு அதே இருக்கை பல மடங்காகும்.

அணியின் தளத்தில் நேரடியாக வாங்கலாம், அல்லது சீட்கீக், ஸ்டப்ஹப் போன்ற மறுவிற்பனைத் தளங்களில் வாங்கலாம். 2025 மே முதல் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், முன்பு போலக் கடைசித் திரையில் இருபது டாலர் ஏறும் வித்தை குறைந்திருக்கிறது. இருந்தாலும் ஒரே இருக்கையின் விலையை இரண்டு தளங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். வார நாள் ஆட்டம் என்றால் தொடங்குவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு மறுவிற்பனை விலை பெரும்பாலும் சரியும். குடும்பத்தோடு நாலு இருக்கை சேர்ந்தாற்போல வேண்டும் என்றால் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

குறிப்பிட்ட ஒரு வீரரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தொடக்க பிட்சர்கள் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் பந்து வீசுவார்கள். அடுத்த சில நாட்களுக்கான பெயர்கள் எம்எல்பி ஆப்பில் 'ப்ராபபிள் பிட்சர்ஸ்' என்ற பகுதியில் வரும், அதைப் பார்த்த பிறகே வாங்குங்கள். நட்சத்திர பேட்டர்களுக்கும் ஓய்வு நாள் உண்டு, அதுவும் முந்தைய நாள் இரவு ஆடிவிட்டு மறுநாள் மதியமே ஆட்டம் என்றால் கேட்சரை உட்கார வைப்பது சர்வசாதாரணம். அப்புறம், எதிர் லீக்கின் அணிகள் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் உங்கள் ஊருக்கு வரும், அதுவும் மூன்று ஆட்டங்களுக்கு. அந்த மூன்று நாளை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான மைதானங்களில் மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளுக்குத்தான் நிழல் முதலில் வரும். ஜூலையில் மதிய ஆட்டத்துக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் இருபது டாலர் கூடக் கொடுத்தாவது கூரைக்குக் கீழே உள்ள வரிசையை எடுங்கள். ஹூஸ்டன், ஆர்லிங்டன், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் மூடும் கூரை இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

சீசன் டிக்கெட் பற்றி முதல் வருடம் யோசிக்கவே வேண்டாம். 81 ஆட்டத்துக்குப் போக முடியாது, மிச்சத்தை விற்றுவிடலாம் என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும், ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை வாங்க ஆள் கிடைக்க மாட்டார்கள்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மைனர் லீக் இருக்கிறது. நாடு முழுக்க 120 அணிகள், ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நாலு. டிக்கெட் மலிவு, மைதானத்துக்கு மிக அருகில் உட்காரலாம், நாளைய நட்சத்திரங்களை இன்றைக்கே பார்க்கலாம்.

5. மைதானத்துக்குப் போகும் முன்: என்ன வேண்டும்

டிக்கெட் முழுக்க போனில்தான். எம்எல்பி பால்பார்க் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, டிக்கெட் வாங்கிய அதே மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, டிக்கெட் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். மறுவிற்பனையில் வாங்கியிருந்தால் மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தட்டி ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அதையும் வீட்டிலேயே முடியுங்கள். வாசலில் நாற்பதாயிரம் பேர் நிற்கும்போது நெட்வொர்க் கிடைக்காது. ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும் டிக்கெட்டுகளில் அது செல்லாது. நண்பர்களுக்கு அவரவர் டிக்கெட்டை ஆப் வழியாக முன்பே அனுப்பிவிட்டால், ஒருவர் தாமதமாக வந்தாலும் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டாம்.

உள்ளே போக அடையாள அட்டை தேவையில்லை, பியர் வாங்கத்தான் வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இன்னும் கைக்கு வராதவர்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள், நம்மூர் உரிமத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். நீங்கள் குடிக்காதவர், வண்டி ஓட்டப்போகிறவர் என்றால் பெரும்பாலான மைதானங்களில் 'டெசிக்னேட்டட் டிரைவர்' என்று பதிவு செய்தால் ஒரு குளிர்பானம் இலவசம். இது பலருக்குத் தெரியாது. அதேபோல முதல் ஆட்டத்துக்கு வந்திருக்கிறோம் என்று கெஸ்ட் சர்வீஸ் மேசையில் சொன்னால் பல மைதானங்களில் ஒரு சான்றிதழ் தருவார்கள், குழந்தைகளுக்கு அதில் ஏக சந்தோஷம்.

பை விஷயத்தில் அணிக்கு அணி சட்டம் வேறு. சில இடங்களில் ஒளி ஊடுருவும் பை மட்டும், பல இடங்களில் முதுகுப்பை கூடவே கூடாது. வாசலில் திருப்பி அனுப்பினால் காருக்கு நடப்பது அல்லது காசு கொடுத்து லாக்கரில் வைப்பது, இரண்டே வழி. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரப் பல மைதானங்கள் விடுகின்றன, திறக்காத தண்ணீர் பாட்டிலும் சரி. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை அவசியம் பயன்படுத்திக்கொள்ளுங்கள், உள்ளே விலையும் அதிகம், தேர்வும் குறைவு. ரொக்கம் வாங்காத மைதானங்கள் இப்போது சகஜம், கார்டு இருக்கட்டும்.

பார்க்கிங் செலவு டிக்கெட்டைத் தாண்டுவது உண்டு. ரயில் இருந்தால் ரயிலில் போங்கள். யாங்கீ ஸ்டேடியத்துக்கு 4, டி ரயில்கள், மெட்ஸின் சிட்டி ஃபீல்டுக்கு 7, சிகாகோ கப்ஸின் ரிக்லி ஃபீல்டுக்கு ரெட் லைனில் ஆடிசன் நிறுத்தம். லாஸ் ஏஞ்சல்ஸில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேருந்து உண்டு. ஆர்லிங்டனில் கார்தான் கதி. 2023இல் பிட்ச் கிளாக் (பந்து வீசுவதற்கான நேரக் கெடு) வந்த பிறகு ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, எனவே திரும்பும் ரயிலைக் கணக்குப் போடுவது இப்போது சுலபம். கதவுகள் வழக்கமாக ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு திறக்கும். பொம்மை தரும் நாள் என்றால் அதற்கும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும், முதல் சில ஆயிரம் பேருக்குத்தான் கிடைக்கும்.

6. இருக்கையில் உட்கார்ந்த பிறகு

கூட்டத்துக்குள் வரும் பந்து உங்களுக்கே சொந்தம், கிரிக்கெட் மாதிரி திருப்பி எறிய வேண்டாம். ஆனால் அது ஆபத்தானதும் கூட. வலை இல்லாத வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டாம், முக்கியமாகக் குழந்தை மடியில் இருக்கும்போது. ஆட்டத்தில் இருக்கும் பந்தைக் கை நீட்டித் தொடக் கூடாது. 2024 வேர்ல்டு சீரிஸில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) ஃபீல்டரின் கையுறையைப் பிடித்து இழுத்த இரண்டு ரசிகர்களை வெளியேற்றினார்கள், பின்னர் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் நுழையத் தடை வந்தது.

பேட்டர் நிற்கும்போது வரிசைக்குள் நடக்காதீர்கள், ஒரு பேட்டர் முடியும் வரை படியருகே காத்திருங்கள். ஏழாவது இன்னிங்ஸ் (இரு அணியும் ஒருமுறை பேட் செய்தால் ஓர் இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது) நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள், சேர்ந்து நின்றால் போதும்.

7. மழை வந்தால்

ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால் (உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை) அது முழு ஆட்டமாகவே கணக்கு, உங்கள் டிக்கெட்டும் அத்தோடு சரி. அதற்கு முன்பே ரத்தானால் வேறு தேதியில் நடக்கும் ஆட்டத்துக்கு அதே டிக்கெட் செல்லும், பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள். மறு ஆட்டம் ஒரு வேலைநாள் மதியம் வரக்கூடும், போக முடியாது என்றால் உடனே விற்கப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்று வைத்தால் இரண்டுக்கும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா என்று கவனியுங்கள், பெரும்பாலும் தனித்தனிதான். வெளியூரிலிருந்து ஹோட்டல் போட்டு வருகிறவர்கள் தொடரின் முதல் ஆட்டத்துக்கு வாங்குங்கள், ஒத்திப்போனால் மறுநாளே நடக்க வாய்ப்பிருக்கிறது.

8. ஜெர்சி

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு தொப்பி வாங்குங்கள், 40 டாலர் பக்கம் வரும், எந்த வீரர் போனாலும் அது செல்லும். பெயர் போட்ட ஜெர்சி 100 டாலரைத் தாண்டும், வீரர்களோ ஓர் இடத்தில் இருப்பதில்லை. நட்சத்திர பேட்டர் வான் சோட்டோ (Juan Soto) 2022 ஆகஸ்டில் வாஷிங்டனிலிருந்து சான் டியேகோ போனார், 2023 டிசம்பரில் யாங்கீஸ், 2024 டிசம்பரில் மெட்ஸ். ஒவ்வோர் ஊரிலும் ஜெர்சி வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். வீரர் பரிமாற்றத்துக்கான கெடு ஜூலை கடைசியை ஒட்டி வரும், அது முடியும் வரை பொறுங்கள். ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம், அது பொதுவெளியில் கிடைக்கும் தகவல்தான். சீசன் முடிந்த பிறகு தள்ளுபடியும் வரும்.

9. அக்டோபருக்குத் தயாராவது

2022 முதல் லீக்குக்கு ஆறு வீதம் 12 அணிகள் பிந்தைய சுற்றுக்குப் போகின்றன. முதல் சுற்று மூன்று ஆட்டம், அடுத்தது ஐந்து, அதன் பின் ஏழு, வேர்ல்டு சீரிஸும் ஏழு. முதல் சுற்று முழுக்க இரண்டில் தரவரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்தில்தான் நடக்கும், உங்கள் அணி கீழே இருந்து நுழைந்தால் அந்தச் சுற்றில் உள்ளூர் ஆட்டமே இருக்காது.

அணி தகுதி பெறும்போல் தெரிந்தால் செப்டம்பர் தொடக்கத்திலேயே அதன் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்து, முன்விற்பனைக் குலுக்கல் அறிவித்தால் பதிவு செய்யுங்கள். எல்லா ஆட்டமும் நேரடித் தேசிய ஒளிபரப்பு என்பதால் எம்எல்பி.டிவியில் அமெரிக்காவுக்குள் நேரலை பார்க்கக் கேபிள் கணக்கு கேட்கும், ஆனால் ஆடியோ சந்தா அப்போதும் வேலை செய்யும். தொடர் சீக்கிரம் முடிந்து நடக்காமல் போகும் ஆட்டங்களுக்கு அணியே பணத்தைத் திருப்பித் தரும், அதனால் ஏழாவது ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். மறுவிற்பனைத் தளத்தில் வாங்குவதாக இருந்தால் மட்டும் அவர்களுடைய திருப்பித்தரும் விதியைப் படித்துவிட்டு, பணமாகத் தருவார்களா, அவர்கள் தளத்தில் செலவழிக்கும் கிரெடிட்டாகத் தருவார்களா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.